சந்தி பூசைப் பீரங்கி

கொல்கத்தாவின் தென்பகுதியான பாலிகஞ்சில், துர்க்கா பூசையின் அஷ்டமி நாளன்று மக்கள் பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் மாறிமாறி நோக்குவர். அஷ்டமித் திதியின் இறுதி 24 நிமிடங்களும் நவமித் திதியின் முதல் 24 நிமிடங்களும் சேர்ந்த 48 நிமிடங்களே சந்தி பூசைக்குரிய காலம். நம் கணக்கில் இது இரண்டு நாழிகை. கைக்கடிகாரம் பரவாத நாளில், இக்காலம் தொடங்கியதை ஊரார்க்கு அறிவித்தது பீரங்கி முழக்கமேயாகும். வட கொல்கத்தாவின் சோபாபஜார் அரண்மனை இவ்வழக்கத்திற்குப் பெயர்பெற்றது. விஷ்ணுபுரத்திலும் மல்ல அரசர் காலத்திலிருந்து இம்மரபு தொடர்ந்து வந்துள்ளது. ஜோராசாங்கோவில் துப்பாக்கி வாணிகத்தால் புகழ்பெற்ற தாவ் குடும்பத்தார் இல்லத்தில் இதற்கெனப் பயன்பட்டது, அமெரிக்க வின்செஸ்டர் நிறுவனம் செய்த, 17 அங்குல நீளமே உள்ள ஒரு சிறு பீரங்கி.

குண்டு இல்லாத முழக்கந்தானே, இதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். உண்மையில், குறித்த கணத்தில் தவறாது முழங்கச் செய்வதும், முழங்காதபோது ஒருவருக்கும் தீங்கு நேராமல் காப்பதும் எளிய செயல்களல்ல.

முதற் பகை ஈரம். கருமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றும் அடங்கும். தூய வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 90 என்னும் அளவைத் தாண்டும்வரை நீரை ஈர்த்துக் கசிவதில்லை. சோடியம் நைட்ரேட்டும் சாதாரண உப்புமோ 75 என்னும் அளவிலேயே கசியத் தொடங்கும். பீகாரின் உவர்மண்ணிலிருந்து நோனியர் காய்ச்சி எடுத்த வெடியுப்பில் இவ்வுப்புகள் கலந்திருந்தமையால், அதனை மீண்டும் கரைத்துப் படியச்செய்து தூய்மையாக்க வேண்டியிருந்தது. கொல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூரில் 1787-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்தபோதும் இத்தூய்மையே முதற்கவலையாயிருந்திருக்கும். புரட்டாசியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் வங்கத்தின் காலைக் காற்று எத்துணை ஈரமுடையது என்பது அங்கு வாழ்ந்தவர்க்குத் தெரியும். ஆதலின் மருந்தை மூடிய கலத்தில் வைத்திருந்து, நேரம் நெருங்கிய பின்னரே குழலில் இடுதல் வேண்டும். காலையிலேயே இட்டுவைத்த மருந்து மாலையில் ஏமாற்றும். வகுப்பில் இதனை விளக்க வெடிமருந்து வேண்டியதில்லை. மழைநாளில் ஒரு தட்டில் கறியுப்பையும் மற்றொன்றில் தூய வெடியுப்பையும் வைத்து ஒப்பிட்டாலே போதும்.

இரண்டாம் பகை, மருந்து எரிந்தபின் எஞ்சும் கசடு. 1875-இல் நோபிள், ஆபெல் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, கருமருந்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பங்கு வாயுவாகாமல் திண்பொருளாகவே நிற்கிறது. இக்கசடு பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு முதலியவற்றாலானது. இவற்றுள் கார்பனேட் ஈரத்தை விரைந்து ஈர்ப்பது, உலோகத்தைத் துருவேற்றுவது. வாய்வழி மருந்திடும் பீரங்கியில் தீப்புகும் சிறு துளையான பற்றுவாயைக் கசடு அடைத்துவிடும். மேல்மருந்து மட்டும் ‘புஸ்’ என்று எரிந்து, உள்மருந்து அசையாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மருந்துப்பை குழலின் அடிவரை சென்று அமராமல் இடைவெளி விட்டிருத்தலும், பற்றுவாய் வழியே ஊசி செலுத்திப் பையைத் துளைக்க மறத்தலும் இதே விளைவைத் தரும்.

இவற்றினும் கொடியது, உள்ளே எஞ்சும் கனல். முதல் முழக்கத்தில் எரிந்த பையின் ஒரு துணுக்கு செந்தழலாய்க் கிடக்குமானால், அடுத்த மருந்து உள்ளே செல்லும்போதே வெடிக்கும். பழைய பீரங்கிப்படையின் ஒழுங்குகள் இந்த அச்சத்திலிருந்தே பிறந்தவை. ஒவ்வொரு முழக்கத்திற்குப் பின்னும் திருகுகம்பியால் துணுக்குகளை இழுத்தெடுத்து, நனைந்த துடைப்பானால் குழலின் அடிவரை துடைப்பர். பின்னர் உலர் துடைப்பான். அப்பொழுது மற்றொருவர் தோலுறை அணிந்த கட்டைவிரலால் பற்றுவாயை இறுக அடைத்திருப்பார். அடைக்காவிடில், துடைப்பான் இழுக்கும் காற்று அத்துளை வழியே புகுந்து கனலை ஊதிவிடும்; கொல்லன் துருத்தி செய்யும் வேலைதான் இது. கெட்டிக்கும் கோலைப் பிடிப்பவர் கட்டைவிரலைக் கோலுக்கு மறுபுறம் வளைக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்வார். மருந்து எதிர்பாராது வெடித்தால் கோல் கையைவிட்டுப் பறந்துபோகும், கை எஞ்சும். அவர் நிற்பதும் குழல்வாய்க்கு எதிரேயன்று, பக்கவாட்டில். நம் கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டு இடுவோரும் மனத்திற் கொள்ளவேண்டியது இது.

வின்செஸ்டர் பீரங்கி இவ்வகையினின்று வேறுபட்டது. பின்புறம் திறந்து 10 கேஜ் வெற்றுத் தோட்டாவை இட்டு, கயிற்றை இழுத்து முழக்குவது. பற்றுவாயும் கெட்டிக்கும் கோலும் இதற்கு இல்லை. ஆயினும் தோட்டாவின் தட்டுமருந்து நமத்துப்போதலும், அடியூசியில் கசடு படிதலும் இங்கும் முழக்கத்தைக் கெடுக்கும்.

தீயிட்டும் முழங்காதபோதுதான் உண்மையான சோதனை. சுற்றிலும் கூட்டம், சந்திக் காலமோ ஓடிக்கொண்டிருக்கும், என்னவாயிற்றென்று எட்டிப்பார்க்கும் ஆவலும் எழும். மெல்லக் கனன்றுகொண்டிருக்கும் மருந்து சில வினாடிகளுக்கோ நிமிடங்களுக்கோ பின் திடீரென வெடிக்கக்கூடும். பயிற்சி விதி குறிக்கும் நேரம் முழுவதும் எவரும் நெருங்காமல் காத்திருந்து, பின்னர் பக்கவாட்டில் நின்று பற்றுவாயில் நீரூற்றி மருந்தை நனைத்தபின்னரே அதனை அகற்றலாம். தோட்டாப் பீரங்கியாயின், அவ்வளவு நேரமும் பின்கதவைத் திறத்தல் கூடாது. அவ்வாண்டு முழக்கம் தவறினால் தவறட்டும். சங்கும் டாக்கும் இருக்கின்றன. பீரங்கியையும் மருந்தையும் வைத்திருப்பதற்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் வேண்டும் உரிமங்களைப் பெற்ற, பயிற்சியுள்ளவரே இதனைக் கையாளத்தக்கவர்.

பூசை முடிந்த அன்றே வெந்நீரால் குழலைக் கழுவுதல் வேண்டும். கசடு நீரில் கரைவது. எண்ணெய் மட்டும் பூசினால் அது அடியிலேயே தங்கித் துருவை வளர்க்கும். வெந்நீரின் சூட்டில் உலோகம் தானே உலர்ந்துவிடும். அதன்பின்னரே எண்ணெய்.

மருந்தை எப்பொழுது இடுவது என்பதிலும் வங்கத்திற்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சூரிய சித்தாந்தத்தைப் பின்பற்றும் பழைய பஞ்சாங்கமும், திருத்திய கணக்கையுடைய விசுத்த சித்தாந்தப் பஞ்சாங்கமும் திதி முடிவை ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. அந்த வீடு எதனைப் பின்பற்றுகிறது என்று முன்னரே கேட்டறிந்த பிறகே பீரங்கியாளர் மருந்துக் கலத்தைத் திறத்தல் வேண்டும்.