நவீன கவிதை புரியலையா? பதறாதீங்க... படிமத்தோடு பழக 5 வழிகள்!

தளியிலிருந்து ஓசூர் போகிற பஸ்ஸில் கொஞ்ச நேரம் காதை மட்டும் திறந்து வைத்துப் பாருங்கள். முன்சீட்டில் தெலுங்கு, பின்சீட்டில் கன்னடம், நடுவில் தமிழ். எல்லா வார்த்தையும் தெரியாவிட்டாலும், யார் கோபமாக இருக்கிறார், யார் கொஞ்சுகிறார் என்பது தெரிந்துவிடும். அர்த்தத்துக்கு முன்னாடியே தொனி வந்து சேர்ந்துவிடுகிறது.

அதே காதோடு ஒரு நவீன கவிதையைப் படிக்கும்போது மட்டும், "ஒண்ணுமே புரியலையே" என்று மூடி வைத்துவிடுகிறோம். ஏன்?

பள்ளியில் செய்யுளுக்குக் கீழே பொருள் இருக்கும். அதை மனப்பாடம் செய்து எழுதினால் மார்க். அந்தப் பழக்கத்தில், பொருள் சொல்ல முடியாத கவிதையைப் பார்த்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கிறது. "நமக்கு இதெல்லாம் வராது" என்று ஒருமுறை முடிவெடுத்தவர் திரும்ப அந்தப் பக்கமே போவதில்லை. துக்கத்திலோ தனிமையிலோ சொந்த வார்த்தை கைகொடுக்காத ஒரு நாளில், துணைக்கு வந்திருக்கக்கூடிய ஒரு கவிதையை அவர் இழந்துவிடுகிறார்.

படிமம் என்றால்?

'இது அது போல' என்று சொன்னால் உவமை. 'போல' என்கிற பாலத்தை எடுத்துவிட்டு, காட்சியை மட்டும் நம் முன்னால் வைத்தால் படிமம். பாலத்தை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இது நமக்குப் புதுசு இல்லை. வெளியே காட்சியைச் சொல்லி உள்ளே இன்னொன்றை வைக்கும் முறையை 'உள்ளுறை' என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகையின் 40-வது பாடலை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செம்மண்ணில் மழைநீர் கலப்பதை அவர் சொன்ன விதத்தால் 'செம்புலப் பெயல்நீரார்' என்றே பெயர் நின்றுவிட்டது. ஆளைவிட அவர் காட்டிய காட்சி அதிக நாள் வாழ்ந்திருக்கிறது!

1959-ல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்குக் களமானது. அதில் வந்த கவிதைகளிலிருந்து 1962-ல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வெளியானது. 'புரியவில்லை' என்ற புகார் அப்போதே எழுந்தது. அந்த இதழில் எழுதியவர்களில் படிமத்துக்காகவே இன்றும் பேசப்படுபவர், திருகோணமலையில் பிறந்த பிரமிள் (1939-1997). பறவையிலிருந்து பிரிந்த ஓர் இறகைப் பற்றிய அவரது கவிதை சில வரிகள்தான். தலைப்போ 'காவியம்'! இவ்வளவு சின்னக் கவிதைக்கு ஏன் இவ்வளவு பெரிய தலைப்பு என்று யோசித்தாலே, நீங்கள் கவிதைக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

சரி, எப்படிப் படிப்பது?

இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய ஒரு வரியை வைத்துப் பார்ப்போம்: 'நைட் ஷிப்ட் முடிந்த பஸ்ஸில் தூங்குகிறது ஒரு சைரன்.'

1. முதலில் பாருங்கள், கேளுங்கள். 'என்ன அர்த்தம்' என்ற கேள்வியைத் தள்ளிவையுங்கள். விடியற்காலைக் குளிர், கம்பெனி பஸ், ஜன்னலில் சாய்ந்த தலை. வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.

2. உங்களுக்குள் என்ன நடந்தது? சோர்வா, சிரிப்பா, எரிச்சலா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் போதும்.

3. எது எதோடு மோதுகிறது? சைரன் எழுப்புகிற பொருள். இங்கே அது தூங்குகிறது. தூங்குவது உண்மையில் தொழிலாளிதான் என்றால், சைரன் அவருக்குள் இறங்கி வீடு வரைக்கும் வருகிறதா? உடம்பே கம்பெனி நேரத்துக்குப் பழகிவிட்டதா?

4. வரியோடு ஒட்டிப் பாருங்கள். 'எனக்குத் தோணினதெல்லாம் சரி' என்று விட்டுவிட முடியாது. இந்த வரியைக் காதல் தோல்வி என்று ஒருவர் சொன்னால், எந்தச் சொல் அப்படிச் சொல்ல வைத்தது என்று கேட்கலாம். சொல்லைக் காட்ட முடிந்தால் அதுவும் ஒரு வாசிப்பு. முடியாவிட்டால் அது நம் மனசு மட்டும் சொன்ன கதை.

5. எடுத்துவிட்டுப் பாருங்கள். 'சைரன்' இருக்கும் இடத்தில் 'தொழிலாளி' என்று போடுங்கள். செய்தி மிஞ்சும், அதிர்வு போய்விடும். அப்படியானால் அந்தப் படிமம் வேலை செய்கிறது. எடுத்தும் எதுவும் குறையவில்லை என்றால் அது வெறும் ஜோடனை. 'இது பிடிக்கலை' என்று தைரியமாகச் சொல்லலாம். புரியாததெல்லாம் ஆழமானது என்று தலையாட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வாசல் கோலத்தைக் கேட்போமா?

புள்ளி வைத்துச் சுற்றிவரும் சிக்குக் கோலத்தைப் பார்த்து "இதுக்கு என்ன அர்த்தம்" என்று நாம் கேட்பதில்லை. கோடு எங்கே தொடங்கி எங்கே சேருகிறது என்று கண்ணால் பின்தொடர்கிறோம், அழகு தெரிந்துவிடுகிறது. அந்தப் பொறுமையில் பாதி போதும் கவிதைக்கு.

இந்த வாரம் ஒரே ஒரு கவிதை எடுங்கள். இன்று ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை படியுங்கள். கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, "உனக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். இருவருக்கும் வேறு வேறு தெரிந்தால் கவலை வேண்டாம். பேச்சு அங்கேதான் ஆரம்பம்.