பழைய ஃபோம் மெத்தையை பாக்டீரியா தின்னுமா?

இலவம்பஞ்சு மெத்தை கட்டிதட்டிப் போனால் நம் பாட்டிகள் கவலைப்பட மாட்டார்கள். உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயப்போட்டு, அடித்துத் திரும்பவும் தைத்துக்கொள்வார்கள். தூக்கிப் போட்டாலும் பஞ்சு மண்ணோடு மண்ணாகிவிடும்.

இன்று ராஜபாளையம் பக்கத்து செட்டியார்பட்டி முதல் சென்னை வரை வீட்டுக்கு வீடு ஃபோம் மெத்தை. அது அழுந்திப் போனால்? சிலர் கண்மாய்க் கரையில் போடுகிறார்கள். சிலர் போகியன்று கொளுத்துகிறார்கள். இரண்டுமே கெடுதல்தான்.

அந்த ஃபோமின் பெயர் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரின் குழு உருவாக்கியது. சோபா, பைக் சீட், ஃப்ரிட்ஜ் கதவுக்குள் அடைத்திருக்கும் ஃபோம், ஷூவின் அடிப்பாகம் என எங்கும் அதுதான். லெகிங்ஸ் இழுத்தால் நீளக் காரணமான ஸ்பான்டெக்ஸ் நூலும் இதே குடும்பம்.

ஏன் மக்குவதில்லை?

சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிக்கும், கவனித்திருக்கிறீர்களா? எச்சிலில் உள்ள என்சைம் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. மண்ணில் உள்ள பாக்டீரியாக்களும் இப்படித்தான் இலை, தழையை வெட்டித் தின்கின்றன. பாலியூரித்தேனிலோ பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு பொருட்கள் யூரித்தேன் பிணைப்பால் இறுகியிருக்கின்றன. அதை வெட்டும் என்சைம் பெரும்பாலான நுண்ணுயிர்களிடம் இல்லை.

1990-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அது பாலியஸ்டர் வகை பாலியூரித்தேனைச் சிதைத்தது. அந்த வகையில் எளிதாக வெட்டக்கூடிய எஸ்டர் பிணைப்பு உண்டு. ஆனால், மெத்தை ஃபோம் பெரும்பாலும் பாலிஈதர் வகை. அதில் அந்தப் பிணைப்பு கிடையாது. யூரித்தேன் பிணைப்பையே வெட்டியாக வேண்டும்.

2023-ல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தினர் அதற்கு வழி கண்டார்கள். மண்ணிலிருந்த நுண்ணுயிர்களின் மரபணுக்களை அலசி, 'யூரித்தனேஸ்' என்ற 3 என்சைம்களைக் கண்டுபிடித்தார்கள். முதலில் ஃபோமை ரசாயனத்தில் சூடாக்கிக் கரைக்க வேண்டும். பிறகு மிச்சமிருக்கும் யூரித்தேன் பிணைப்புகளை என்சைம் வெட்டும். 2025-ல் சீன விஞ்ஞானிகள் ஏ.ஐ. உதவியோடு இன்னும் திறமையான ஒரு என்சைமைக் கண்டறிந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கிடைக்கும் மூலப்பொருளை வைத்துத் திரும்பவும் ஃபோம் செய்யலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

கண்மாய்க் கரையில் தூவலாமா?

கூடாது. இந்த என்சைம் மூடிய கலனுக்குள் செய்ய வேண்டிய வேலைக்கானது. இன்னொரு காரணமும் உண்டு. மெத்தை ஃபோம் சிதையும்போது 'டி.டி.ஏ.' போன்ற பொருட்கள் வெளிவரும். அது நச்சு, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுவது. கலனுக்குள் கிடைத்தால் அது மூலப்பொருள். கண்மாய்த் தண்ணீரில் கலந்தால் விஷம். 2020-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகர விஞ்ஞானிகள், பிளாஸ்டிக் குப்பை கிடந்த இடத்தில் இந்த டி.டி.ஏ.-வையே தின்று வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அதுவும் முழு மெத்தையைத் தின்றுவிடாது.

இப்போது நாம் என்ன செய்யலாம்?

* கொளுத்தவே வேண்டாம். ஃபோம் எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். இரண்டும் உயிரையே பறிக்கும் வாயுக்கள். குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் உள்ள தெருவில் இது இன்னும் மோசம்.

* நல்ல பகுதியை வெட்டி நாற்காலி மெத்தை, திண்டு தைக்கலாம்.

* புது மெத்தை வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேளுங்கள். ஃபோம் துண்டுகளை அரைத்து, அழுத்தி ஒட்டித்தான் 'ரீபாண்டட்' மெத்தை செய்கிறார்கள்.

* எதுவும் முடியாவிட்டால் நனையாமல் வைத்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். மக்கும் குப்பையோடு சேர்க்காதீர்கள்.

என்சைம் ஆலைகள் நம் ஊர்ப் பக்கம் எப்போது வந்தாலும், அவற்றுக்குத் தேவை தனியாகப் பிரித்துச் சேர்த்த ஃபோம். அந்தப் பழக்கத்தை இந்தப் போகிக்கே தொடங்கிவிடலாம்.