வாய் கொப்பளித்தால் தடிமன் வராதா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம்மவர் முதுமொழி. குளிர்காலம் வந்ததும் தடிமனையும் காய்ச்சலையும் தடுக்குமென நம்பி, வாய் கொப்பளிக்கும் கிருமிகொல்லித் திரவங்களைப் பெற்றோர் பலர் வாங்குகின்றனர். அந்நம்பிக்கையையும் சற்றே விசாரிப்போம்.

1879 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் லோறன்ஸ் என்பவர் லிஸ்டரீன் என்னும் திரவத்தை ஆக்கினார். சத்திரசிகிச்சையிற் கிருமிநீக்கத்தைப் புகுத்திய ஜோசப் லிஸ்டர் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. அது தடிமனைத் தடுக்கும் எனப் பல்லாண்டுகள் விளம்பரஞ் செய்யப்பட்டது. 1975 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அக்கூற்றை நிராகரித்தது. தடிமனையோ தொண்டை நோவையோ அத்திரவம் தடுக்காது, தணிக்காது என விளம்பரத்திலேயே அறிவிக்குமாறும் பணித்தது.

2020 இல் கொரோனா பரவியபோது இந்நம்பிக்கை மீண்டும் எழுந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ஆய்வுகூடத்தில் இத்தகைய திரவங்கள் சில, அவ்வைரசை அரை நிமிடத்திற் செயலிழக்கச் செய்தன. கொரோனா வைரசைச் சூழ்ந்துள்ள கொழுப்புறையை அவை சிதைக்கவல்லன. ஆயினும், தடிமனைப் பெரிதும் விளைவிக்கும் றைனோ வைரசுக்கு அவ்வுறையே இல்லை.

மேலும், வாய் சோதனைக்குழாய் அன்று. வைரசுகள் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கலங்களுக்குள்ளே பெருகுகின்றன. கொப்பளிக்கும் நீர் அங்கே எட்டுவதில்லை. உமிழ்நீரிற் குறைந்த வைரசு சிறிது நேரத்தில் மீண்டும் கூடிவிடும். பல் மருத்துவர் சிலர் சிகிச்சைக்கு முன் கொப்பளிக்கச் சொல்வது அக்குறுகிய பொழுதைக் கருதியே.

2005 இல் வெளியான யப்பானிய ஆய்வொன்று சுவையானது. அதிற் பங்குகொண்டோர் 387 பேர். வெறும் நீரால் நாள்தோறும் தொண்டை கொப்பளித்தோரிடையே சுவாசத் தொற்று 36 விழுக்காடு குறைந்தது. அயடீன் கரைசலாற் கொப்பளித்தோரிடையே குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. ஓர் ஆய்வே முடிந்த முடிபாகாது. எனினும், மருந்தின் கடுமையே பயனுக்கு அளவுகோல் அன்று என்பதை இது உணர்த்துகின்றது.

வாய்த் தூய்மைக்கு இத்திரவங்கள் உதவலாம். விழுங்கிவிடக்கூடும் என்பதால் ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவை தகா. ஆனால், “கொப்பளித்துவிட்டான், இனித் தொற்றாது” என்றெண்ணிக் காய்ச்சலுள்ள பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவது தீங்கு. அருகில் அமரும் பிள்ளை அந்நோயைத் தன் வீட்டிலுள்ள அம்மம்மாவிடம் கொண்டுசெல்லும். முதியோர்க்கு அது உயிராபத்தாகவும் முடியலாம்.

தடுப்பூசி, கைகழுவல், யன்னல் திறந்த வகுப்பறை, நோயுற்ற நாளில் வீட்டில் ஓய்வு ஆகியனவே நம்பத்தக்க காவல்கள். பெற்றோரே, தவறிய பாடத்தை அடுத்த வாரம் நாம் கற்பிப்போம். பிள்ளை நலமடைந்து வரட்டும்.