செல்லம்மாள் கேட்டது என்ன?



மனைவி கண்ணை மூடிவிட்டாள். பக்கத்திலிருக்கும் கணவர் அழவில்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கியதுபோல் அமைதியாக இருக்கிறார். அவரைப் பற்றி என்ன சொல்வீர்கள்? "கல்நெஞ்சுக்காரர்" என்றுதானே?

புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'செல்லம்மாள்' என்னும் சிறுகதை இப்படித்தான் தொடங்குகிறது. பிரமநாயகம் பிள்ளை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தவர். ஜவுளிக்கடையில் சொற்பச் சம்பளம். மனைவியோ தீராத நோயாளி. விடியற்காலையில் எழுந்து சமைப்பதும், அவளைக் கவனிப்பதும், பிறகு கடைக்கு ஓடுவதும் அவருக்கு அன்றாடக் கடமை. இதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்புவதில்லை.

செல்லம்மாளின் ஆசை மிகச் சிறியது. பொங்கலுக்கு ஒரு முறை ஊருக்குப் போகவேண்டும். வீட்டு அரிசிச் சோறு சாப்பிடவேண்டும். காய்ச்சல் வேகத்தில் தன் தாயையே நினைத்துப் பிதற்றுகிறாள். தீபாவளிக்காகக் கணவர் கடையிலிருந்து கொண்டுவந்த புடவைகளில் பச்சைப் புடவை அவளுக்குப் பிடித்துப்போகிறது. கடைசியில் அந்தப் புடவைதான் அவள் உயிரற்ற உடம்பின்மேல் கிடக்கிறது. ஊர்ப் பயணமோ நடக்கவேயில்லை.

பிள்ளை அன்பில்லாதவரா? வெந்நீர் வைத்த கை, சோறு வடித்த கை, இறந்த பிறகும் அவள் முகத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்ட கை அதற்குப் பதில் சொல்கிறது. நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கண்ணீர் முன்பே வற்றிவிடும். அழாதவரைக் குறை சொல்லுமுன் இதை நாம் நினைக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கதை நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது. கடமையைக் குறைவில்லாமல் செய்த மனிதராலும் அந்தச் சின்ன ஆசையை நிறைவேற்ற முடியவில்லை. வறுமை குறுக்கே நின்றது. 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிய நாள் வரவேயில்லை.

பால்வெட்டுக்கு இருட்டோடு புறப்படும் நம் குடும்பங்களிலும் இப்படி எத்தனை ஆசைகள்! அடுத்த தோட்டத்திலிருக்கும் தாயைப் பார்க்க வேண்டும், அக்காள் வீட்டில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று பெண்கள் சொல்வதை "சம்பளம் வரட்டும்" என்று தள்ளிவைக்கிறோம். பொல்லாத மனத்தால் அல்ல. வேலையும் கடனும் அப்படி.

ஒன்று மட்டும் செய்யலாம். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், "உனக்கு எங்கே போகவேண்டும் என்று ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். பஸ் கட்டணத்தோடு முடிகிற ஆசையாக இருந்தால், பொங்கல் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.