அலைக்கும் வரம்பு உண்டு

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று அங்கிருந்தே ஏவப்பட்டது. இருளில் முகத்துவாரம் தேடும் மீனவருக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் சைகை உயிர்த்துணையாகும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் நாவிக் சைகை மிக மெலிந்தே கருவியை அடைகிறது. அதே அதிர்வெண்ணில் அருகிலுள்ள கருவியொன்றும் அலை பரப்பினால், மேளத்தினிடையே முணுமுணுப்பைப்போல் அது மறையும். இதுவே குறுக்கீடு.

அல்ட்ரா வைடுபேண்ட் எனப்படும் மீஅகலக்கற்றைத் தொடர்பு, நுண்துடிப்புகளைப் பரந்த அதிர்வெண் பரப்பில் விரிக்கிறது. ஆகவே, பிற சைகைகளின்மீதும் அது படியக்கூடும். இதனைக் கருதியே, 2002இல் அமெரிக்கா அதற்கு 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை இடமளித்தபோது, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 75 நானோவாட் என ஆற்றலை வரையறுத்தது, ஜி.பி.எஸ். அதிர்வெண்களில் கசியும் ஆற்றலுக்கு அதனினும் கடுமையான வரம்பு விதித்தது. வானலை அனைவருக்கும் பொது. ஒருவரது வசதி மற்றவரது வழியை மறைத்தலாகாது.