கோதமி விகாரை: ஜார்ஜ் கீட்டின் சுவர்கள்
பொரளை, கொழும்பு | 1939–40

பிக்குகள் வாழும் இந்த விகாரையின் சிலைக்கூடத்தில் நீங்கள் பார்க்கும் சுவரோவியங்கள் ஜார்ஜ் கீட் (1901–1993) வரைந்தவை. கண்டியில் பிறந்த பறங்கியர். இளவயதில் மல்வத்தை விகாரைப் பிக்குகளோடு பழகிப் பௌத்தத்துக்கு வந்தவர். கலைப் புரவலர் ஹரால்ட் பீரிஸ் கேட்டுக்கொண்டதால் இந்த வேலையை ஏற்றார்.

கண்டி மரபில் புத்தர் கதை சிவப்புப் பின்னணியில், பட்டை பட்டையாக, சிறு உருவங்களாக ஓடும். கீட் அதை விட்டுவிட்டார். பிறப்பு முதல் பரிநிர்வாணம் வரை இங்கே ஆளுயரத்தை மிஞ்சும் உருவங்கள். ஒரு முகத்தருகே நின்று கோட்டை மட்டும் கவனியுங்கள்: நெற்றியில் புறப்பட்டு மூக்கு, கழுத்து, தோள் என்று வளைந்து இறங்கும். பிக்காசோவின் சாயல் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான்; ஆனால் அதோடு நிறுத்துவது சோம்பல். அஜந்தாவும் சிகிரியாவும் அதே கோட்டுக்குள் இருக்கின்றன.

ஜெயதேவரின் கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் கீட்தான். 1943இல் ஒளிப்படக் கலைஞர் லயனல் வெண்டும் நண்பர்களும் கூடி அமைத்த ‘43 குழு’ என்ற ஓவியர் குழுவின் நிறுவன உறுப்பினர்.

இது வழிபாட்டு இடம். செருப்பை வெளியே விடுங்கள். சுவரைத் தொட வேண்டாம்.