பாட்டின் வெற்றியை அளத்தல்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வெகுமக்கள் பாடல்களின் வெற்றியை இன்றைய தரவரிசைப் பட்டியல்கள் பெரும்பாலும் தனிநபர் கருவிகளில் பதிவாகும் ஒலிப்பெண்ணிக்கையைக் கொண்டே கணிக்கின்றன. ஒலிபெருக்கியிலும் பேருந்திலும் கூத்துக்களத்திலும் பாடல்கள் வாழும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இக்கணிப்பு எதைப் பிடிக்கிறது, எதை நழுவவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கேட்கப்பட்ட அளவைவிடக் கேட்டவரால் மீளப் பாடப்பட்ட அளவே பாட்டின் வெற்றிக்கு உறுதியான சான்று என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தரவரிசைப் பட்டியல், ஒலிப்பெண்ணிக்கை, கூட்டுக் கேட்பு, மீளப்பாடல், தெருக்கூத்து, பண்ணத்தி

பரிசிலும் நிவந்தமும்

பாட்டை மதிப்பிடும் வழக்கம் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுக்குரிய ஊர்களுள் ஒன்றாக அந்நூல் சுட்டும் கிடங்கில், இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. யாழொடு வரும் பாணன் அவனிடம் உடையும் உணவும் தேரும் பெறுகிறான். பாட்டின் தகுதியை அங்கு மதிப்பவன் ஒருவனே. அவன் கைக்கொண்ட அளவை பரிசில். பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழிகாட்டுவதை இன்றைய செயலிகளின் பரிந்துரையோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் அவன் பரிந்துரைப்பது பாட்டையன்று, புரவலனையே. பாட்டு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்னும் வினா அங்கு எழவில்லை.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு வேறொரு நிலையைக் காட்டுகிறது. 340 மாணவர் பயின்ற கல்விநிலையத்துக்கான ஏற்பாடுகளால் அறியப்படும் அக்கல்வெட்டு, திருவாய்மொழி ஓதுவோர்க்கான நிவந்தத்தையும் பதிவுசெய்கிறது. நிவந்தம் உள்ளவரை பாசுரம் நாள்தோறும் ஒலிக்கும். கேட்போர் கூடினாலும் குறைந்தாலும் அவ்வொலிப்பில் மாற்றமில்லை. ஒருவர் விரும்பியதால் ஒலிக்கும் பாட்டு, ஒலிக்குமாறு பொருள் வைத்து ஏற்பாடு செய்யப்பட்டதால் ஒலிக்கும் பாட்டு என்னும் வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. இது பாசுரத்தின் தகுதியைக் குறைத்துக் கூறுவதாகாது. ஒலிப்பின் எண்ணிக்கை தன்னளவில் விருப்பத்தின் எண்ணிக்கையாகாது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

அளவுகோலின் சார்பு

அச்சிட்ட தரவரிசைகளின் வரலாறு சிறிய அளவில் தொடங்கியது. 1952 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழ் வெளியிட்ட முதல் பட்டியல், ஏறத்தாழ 20 இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் விசாரித்துத் தொகுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1958 ஆகஸ்டில் தொடங்கிய பில்போர்டு ஹாட் 100, விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் இணைத்தது. அதன் பிற்கால வரலாற்றில் 1991ஆம் ஆண்டு கருதத்தக்கது. அதுவரை கடைக்காரர் வாய்மொழியாகத் தெரிவித்த மதிப்பீட்டின் இடத்தில், விற்பனை முகப்பில் பட்டைக்குறி வழியாகப் பதிவாகும் கணக்கு வந்தது. உடனே கன்ட்ரி இசைத் தொகுப்புகளும் ராப் தொகுப்புகளும் பட்டியலின் உச்சிக்கு ஏறின. கேட்போர் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. கடைக்காரரின் நினைவில் இடம்பெறாதவர்கள் கணக்கில் இடம்பெற்றனர். எந்த மக்களின் கேட்பு கருவிக்கு எட்டுகிறதோ அவர்களின் பாட்டே வென்றதாகிறது.

தெற்காசியாவில் இதற்கு இணையான வரலாறு வானொலிவழி அமைந்தது. 1952இல், பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலத்தில், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் கட்டுப்படுத்தப்பட்டன. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். அங்கே அமீன் சயானி நடத்திய பினாக்கா கீத்மாலா, இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்து இந்திப் பாடல்களை வரிசைப்படுத்தியது. 1957 அக்டோபர் 3 அன்று விவிதபாரதி தொடங்கப்பட்டது இந்த இழப்பை ஈடுசெய்யவே.

தமிழ் நேயர்க்கு வரிசை எண்ணைவிட நேயர் விருப்பமே நெருக்கமானது. அஞ்சலட்டையில் பாடலின் பெயர், விரும்பிக் கேட்போர் பெயர்கள், அவர்தம் ஊர் ஆகிய மூன்றும் இருக்கும். அறிவிப்பாளர் மூன்றையும் வாசிப்பார். பாட்டோடு ஊரையும் பதிவுசெய்த அளவீட்டு முறை அது. பாட்டின்மீது கொண்ட விருப்பத்தோடு தன் பெயரையும் ஊரையும் காற்றில் கேட்கும் ஆசையும் அதில் கலந்திருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அஞ்சலட்டைக்குச் செலவிட்ட காசும் எழுதுவதற்குச் செலவிட்ட பொழுதும் தன்விருப்பத்தின் சான்றுகளே. ஒரு பொத்தானைத் தொடுதலுக்கு அத்தகைய எடையில்லை.

வாக்கெடுப்பும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. 2002இல் பிபிசி உலக சேவை தன் 70ஆம் ஆண்டையொட்டி நடத்திய வாக்கெடுப்பில் ‘தளபதி’ (1991) படத்தின் ‘ராக்கம்மா’ பாடல் நான்காம் இடத்தையும், திருமலைச் சந்திரன் பாடிய ஈழத்துப் பாடலொன்று ஐந்தாம் இடத்தையும் பெற்றன. முதலிடம் அயர்லாந்தின் நாட்டுப்பற்றுப் பாடலுக்குக் கிடைத்தது. உலகின் பெருவிருப்பப் பாடல்கள் இவைதாம் என்று அப்பட்டியலைக் கொள்வதைவிட, திரண்டு வாக்களிக்கும் காரணமும் ஆற்றலும் எச்சமூகங்களுக்கு இருந்தன என்பதற்கான ஆவணமாகக் கொள்வதே பொருந்தும்.

இணையக் காலத்தில் நிவந்தம் புதுவடிவம் பெற்றுள்ளது. 2019 ஜூலையில் வெளியான இந்திப் பாடலொன்று 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7.5 கோடிப் பார்வைகளைப் பெற்றது. அவற்றில் விளம்பரமாகக் காட்டப்பட்டவையும் அடங்கும் என்ற விவாதம் எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கட்டணம் செலுத்திப் பெறும் விளம்பரப் பார்வைகளைத் தரவரிசைக்கும் 24 மணி நேரச் சாதனைக்கும் கணக்கிடுவதில்லை என யூடியூப் அறிவித்தது. அம்முடிவு சரியானதே. எனினும் முதல் நாளை அலகாகக் கொள்வதிலுள்ள பிழை அதனால் நீங்கவில்லை. முதல் நாள் காட்டுவது எதிர்பார்ப்பின் அளவை. பாட்டின் அளவை பிறகே தொடங்குகிறது. ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ 2019 ஜனவரி தொடங்கி 2020 நவம்பரில் 100 கோடிப் பார்வைகளை எட்டியது என்னும் செய்தியில், எண்ணைவிட அந்த இருபத்திரண்டு மாதக் காலமே ஆய்வுக்குப் பயன்படுவது.

ஒலிபெருக்கியின் கணக்கு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இடைவெளியில் திண்டிவனமும் விழுப்புரமும் அமைந்துள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி விழுப்புரம் நகரில் ஏறத்தாழ 96,000 பேரும் திண்டிவனத்தில் ஏறத்தாழ 73,000 பேரும் வாழ்ந்தனர். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் ஆகிய நிறுவனங்கள் 2021இல் தொடங்கிய நகரவாரிப் பட்டியல்கள் பெருநகரங்களை அலகாகக் கொண்டவை. இவ்விரு ஊர்களின் கைப்பேசிக் கேட்பு நாட்டுக் கணக்கில் கரைந்துவிடுகிறது. கைப்பேசிக்கு வெளியே நிகழும் கேட்போ எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

அவ்வாறு சேராதவற்றுள் முதன்மையானது திருவிழா ஒலிபெருக்கி. ஆடி மாதத்தில் கூழ்வார்த்தலும் தீமிதியும் நிகழும் ஊர்களில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாடல்கள் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, பென்டிரைவ் என்று ஊடகம் மாறியும் இடம் மாறாமல் ஒலிக்கின்றன. செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் நிகழும் ஊஞ்சல் உற்சவத்திற்குச் சிறப்புப் பேருந்துகளில் மக்கள் திரள்கின்றனர். பயணமும் இரவும் பாட்டோடு கழிகின்றன. ஓர் ஊரில் 300 பேர் காதுக்கு எட்டும்படி ஒரு பாடல் ஓரிரவில் ஐந்து முறை ஒலித்தது எனக் கொள்வோம். கேட்பு 1,500. இணையத்திலிருந்து ஒலிக்கச் செய்திருந்தால் பதிவு ஐந்து. பென்டிரைவிலிருந்து என்றால் சுழி. ஒரே இளைஞர் காதுக்கருவியில் ஐந்து முறை கேட்ட பாடலும் அதே ஐந்துதான். முப்பது விநாடி ஓடியதை ஒரு கேட்பாகக் கொள்ளும் ஸ்ட்ரீமிங் கணக்கு, கருவிக்கு ஒரு காது என்னும் எடுகோளின்மீது நிற்கிறது. விழுப்புரத்துத் தெருவுக்கு அவ்வெடுகோள் பொருந்தாது.

இதனால் விளைவது தகவல் இழப்பு மட்டுமன்று. 1969இல் அமைந்த இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் போன்ற அமைப்புகள், ஒலித்தவை பற்றிய பதிவுகளைக் கொண்டே கவிஞர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமத்தொகை பகிர்கின்றன. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விருவரின் பங்கை வலுப்படுத்தியது. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(இசட்ஏ), சமயச் சடங்குகளையும் திருமண ஊர்வலம் முதலியவற்றையும் விலக்குக்கு உட்படுத்துகிறது. ஏழை ஊரின் கூழ்வார்த்தலுக்குக் கட்டணம் கேட்பது முறையன்று ஆதலின் இவ்விலக்கு நியாயமானதே. எனினும் தொகை பெற வேண்டாத இடத்தில் பதிவு செய்யவும் எவரும் முனைவதில்லை. பாட்டு மிகுதியாக வாழுமிடமே அதன் வாழ்வுக்குச் சான்று எஞ்சாத இடமாகிவிடுகிறது.

ஆயின் ஒலிபெருக்கிக் கேட்பை அப்படியே வெற்றியின் கணக்கில் ஏற்கலாமா? ஏற்க இயலாது. காதுக்கு எட்டியது என்பதும் கேட்கப்பட்டது என்பதும் வேறு. 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடைசெய்ய வேண்டியிருந்தது, கேட்க விரும்பாதோரும் உளர் என்பதால்தான். தனியார் பேருந்தில் ஐம்பது பேர்க்கும் ஓட்டுநர் ஒருவரே பாடல் தேர்கிறார். பயணிகள் முணுமுணுக்காதவை நிலைத்துவிடுகின்றன. எதிர்ப்பின்மை விருப்பமாகாது. கூட்டுக் கேட்பை முற்றும் தள்ளுவது ஒரு பிழை என்றால், தலை எண்ணிப் பெருக்குவது மற்றொரு பிழை.

மீளப்பாடல்

இவ்விடர்ப்பாட்டுக்கு வழிகாட்டுவது செஞ்சியின் கதைப்பாடல் மரபு. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்கின் கதை, கதைப்பாடலாகவும் பெரிய எழுத்துப் பதிப்பாகவும் கூத்தாகவும் பரவி, 1960இல் ‘ராஜா தேசிங்கு’ என்னும் திரைப்படமாகவும் வந்தது. முதல் ஆண்டில் எத்தனை பேர் கேட்டனர் என்பது அதன் வெற்றியை விளக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ அதனைத் தம் வாயால், தம் வடிவில் மீளப் பாடினர் என்பதே விளக்கம்.

மேலச்சேரி முதலாகச் செஞ்சிச் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்றும் நிகழ்கிறது. ஒரு குழுவுக்கு முன்பணம் கொடுத்து ஊரார் ஆட்டத்தை உறுதிசெய்வதும், பாட்டில் மனம் ஒன்றியவர் களத்திலேயே அன்பளிப்பு வழங்கிப் பெயர் சொல்லக் கேட்பதும் அங்குள்ள அளவீடுகள். பாணன் பெற்ற பரிசில் இங்கே பலர் கைக்கு மாறியுள்ளது. கட்டியக்காரன் தன் நகைச்சுவைப் பாட்டுக்குத் திரைமெட்டைக் கையாளும்போது வேறொரு தேர்வும் நிகழ்கிறது. கூட்டத்துக்கு அம்மெட்டு முன்பே பழக்கமாயிருந்தால்தான் புதிய சொல் சிரிப்பை எழுப்பும். தேர்தல் பாட்டுக்கும் இது பொருந்தும். மெட்டை இரவல் வாங்குபவர் அதன் புகழை மதிப்பிட்டே வாங்குகிறார். தவறாக மதிப்பிட்டால் இழப்பு அவருடையது. பொத்தானைத் தொடும் நேயர்க்கு அத்தகைய இழப்பு எதுவும் இல்லை. ஆதலால் மீளப்பாடலின் சான்று வலியது.

தொல்காப்பியச் செய்யுளியல் பண்ணத்தியைத் தனியே வகுத்தது. எழுதும் பயிற்சியின்றி வழக்கில் நிலவிய பாட்டுகளை அவ்வகையுள் அடக்கும் பேராசிரியர் உரையில் மோதிரப்பாட்டு, கடகண்டு முதலிய பெயர்கள் கிடைக்கின்றன. பெயர்களே கிடைக்கின்றன, பாட்டுகள் கிடைக்கவில்லை. ஒரு காலத்தின் பெருவழக்குப் பாட்டைப் புலமையுலகம் அறிந்திருந்தும் தொகுக்காது விட்டதன் விளைவு இது.

அளவீட்டுக்கான தரவுகள்

மேற்கண்டவற்றை ஏற்பின், பட்டியல் தொகுப்போர் பொருள் கொடுத்துப் பெற்ற ஒலிப்பையும் செயலி தானே தொடர்ந்து ஓட்டிய ஒலிப்பையும் தேடிக் கேட்டதிலிருந்து பிரித்துக் காட்டுதல் வேண்டும். வாரத்தை மட்டும் அலகாகக் கொள்ளாமல், ஓராண்டுக்குப் பின்னும் பத்தாண்டுக்குப் பின்னும் அப்பாடல் மீள்கிறதா என்று பார்த்தல் வேண்டும். மூன்றும் ஒரே எண்ணாக உருக்கப்படாமல் தனித்தனியே வெளியிடப்பட வேண்டும். எத்தனை பணமில்லாக் கேட்பு ஒரு விற்பனைக்குச் சமம் என மேலைநாட்டுப் பட்டியல்கள் அடிக்கடி மாற்றியமைக்கும் விகிதங்கள், வணிகர்க்கு உதவலாம். அவற்றிற்கு ஆய்வடிப்படை மெலிவானது.

மீளப்பாடலையும் கூட்டுக் கேட்பையும் எந்த நிறுவனமும் தொகுக்கப் போவதில்லை. அது தமிழ்த்துறைகளின் களப்பணிக்குரியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒலிபெருக்கி நிலையம் நடத்துவோரின் பென்டிரைவுகள் ஓலைச்சுவடிக்குரிய கவனத்தோடு நோக்கத்தக்க மூலங்கள். அவற்றின் கோப்புகள் காப்புக்கட்டு, தீமிதி, திருமணம், சாவு எனச் சடங்குவாரியாக எவ்வாறு பிரிக்கப்படுகின்றன, எப்பாடல் இருவேறு சடங்குகளுக்கும் பொதுவாக நிற்கிறது என்பவை அறியத்தக்கவை. இன்னிசைக் கச்சேரிகளில் பாடகரிடம் நீட்டப்படும் துண்டுச்சீட்டுகள், நேயர் விருப்ப அஞ்சலட்டையின் எஞ்சிய வடிவம். நிகழ்ச்சி முடிந்ததும் அவை மேடைக்கடியில் கிடக்கின்றன. கூத்துக் குழுக்கள் அவ்வாண்டு கையாண்ட திரைமெட்டுகளின் பட்டியலை வாத்தியாரிடமிருந்தே பெறலாம். இவற்றுள் பென்டிரைவுகளை உரியவரின் இசைவோடு ஆடி முதல் வெள்ளிக்கு முன்னரே நகலெடுத்தல் வேண்டும். புதுப்பாடல்களுக்கு இடம் ஒதுக்குவதற்காகப் பழையவற்றை நீக்குவது திருவிழாப் பருவம் தொடங்கும் தறுவாயிலேயே நிகழக்கூடியது. எவை நீக்கப்பட்டன, எவை இவ்வாண்டும் விடப்பட்டன என்பதை இரண்டு நகல்களை ஒப்பிட்டாலன்றி அறிய முடியாது.